ஆற்றுச் சுவரில் அரை மைல் சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. யாருக்கும் வேண்டாத ஒரு சுவரை வைத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத பிள்ளைகளைக் கொண்டு ஒரு மாபெரும் சித்திரத்தை எழுத வைத்த பெண்மணியின் கதை இது.

அமெரிக்காவில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாலிவுட் இருப்பது அங்கேதான். அந்த நகரத்தின் வடபகுதியில் துஹுங்கா என்று ஓர் ஓடை. பெயர்தான் ஓடை. தரையும் சிமெண்டு, இரு கரையும் சிமெண்டு. கோடையில் நடுவே ஒரு கோடு போலத் தண்ணீர் ஓடினால் அதிகம்.

அந்தக் கரைச்சுவரில் 2,754 அடி நீளத்துக்குச் சித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அரை மைலுக்கும் அதிகம்! உயரம் சுமார் 13 அடி. இதற்கு 'லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர்' என்று பெயர். இதை உருவாக்கியவர் ஜூடித் பாக்கா.

பாட்டி கேட்ட கேள்வி

ஜூடித் 1946-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாயார் டயர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடுவார். குழந்தையை வளர்த்தவர் பாட்டி பிரான்சிஸ்கா. பச்சிலை மருந்து தெரிந்த மூதாட்டி. வீட்டில் பேச்செல்லாம் ஸ்பானிஷ் மொழியில்தான்.

பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசக்கூடாது என்று தடை. சிறுமிக்கோ அப்போது ஆங்கிலம் வராது. என்ன செய்வது? ஓர் ஆசிரியை அவளை ஒரு மூலையில் உட்கார வைத்து, வண்ணங்களைக் கொடுத்துப் படம் போடச் சொல்லிவிட்டார். வாய் திறக்க முடியாத இடத்தில் கை பேச ஆரம்பித்தது.

1969-இல் ஓவியக் கல்வி முடித்துப் பட்டம் பெற்றார். படித்துத் தேறிய பேத்தி தன் படங்களைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாட்டி பார்த்தார். "இது எதற்கு உதவும்?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். பேத்தியால் பதில் சொல்ல முடியவில்லை. கலாசாலைப் பேராசிரியர்கள் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது!

சுவரில் பெயர், கையில் கத்தி

பிறகு ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியை வேலை. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தார் என்று அந்த வேலை போயிற்று. சக ஆசிரியர்கள் பலருக்கும் அதே கதி. 1970-ஆம் ஆண்டு கோடையில், நகரப் பூங்கா இலாகாவில் சிறுவர்களுக்குப் படம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. இடம், ஏழை மெக்சிகோக்காரர்கள் நிறைந்த பாயில் ஹைட்ஸ்.

அங்கே தெருவுக்குத் தெரு கோஷ்டி. ஒரு கோஷ்டிப் பையன் இன்னொரு கோஷ்டியின் தெருவில் கால் வைத்தால் கத்திக்குத்துதான். எது யாருடைய எல்லை என்பதற்கு அடையாளம் சுவரில் கிறுக்கியிருக்கும் பெயர்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது அசிங்கம். ஜூடித் அதை வேறு விதமாகப் படித்தார். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குச் சுவரை விட்டால் வேறு இடம் இல்லை என்று கண்டுகொண்டார்.

பகைமை கொண்ட நான்கு கோஷ்டிகளிலிருந்து 20 வாலிபர்களைத் திரட்டினார். ஹாலன்பெக் பூங்காவில் ஓர் இசை மேடை உண்டு. அதன் உள்சுவர்களில் என்ன எழுதுவது? எல்லாக் கோஷ்டிக்காரனுக்கும் பொதுவான ஒரு ஜீவன் வீட்டில் இருக்கிறதே, பாட்டி! இரு கைகளையும் விரித்து, மேடையையே அணைத்துக்கொள்வது போல ஒரு மெக்சிகோப் பாட்டியின் உருவம் எழுந்தது. 'என் பாட்டி' என்பதே படத்தின் பெயர்.

அதற்குப் பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் அந்தப் படத்தின் காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், மலர் வைத்தார்கள். பல வருஷங்கள் இது தொடர்ந்தது. பிரான்சிஸ்கா பாட்டியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்தச் சித்திரக் கண்காட்சியிலும் காண முடியாது.

1974-இல் நகர சர்க்காரின் ஆதரவோடு ஊர் முழுவதும் சுவர்ச்சித்திரம் எழுதும் திட்டம் ஒன்றை அவர் தொடங்கினார். 400-க்கும் மேற்பட்ட சித்திரங்கள் அதில் உருவாயின.

ஆற்றில் இறங்கினார்கள்

அந்த ஆண்டிலேதான் ராணுவப் பொறியாளர் படையிலிருந்து அழைப்பு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆறு வெள்ளம் வந்தால் பொல்லாதது. 1938 வெள்ளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின் ஆற்றையும் அதில் வந்து சேரும் ஓடைகளையும் சிமெண்டுக்குள் அடைத்தது இந்தப் படைதான். வெள்ளம் அடங்கியது. ஆனால் ஆறும் செத்துவிட்டது. கரையைக் கொஞ்சம் அழகுபடுத்த வேண்டும் என்று அதிகாரிகள் விரும்பினார்கள்.

ஜூடித் சிமெண்டைப் பார்த்தார். நிலத்தின் உடம்பில் விழுந்த தழும்பாக அது அவருக்குத் தோன்றியது. ஆறு மறைந்த மாதிரியே அங்கே வாழ்ந்தவர்களின் சரித்திரமும் மறைக்கப்பட்டிருக்கிறதே! பூவும் கொடியும் எழுதாமல், பாடப் புத்தகம் விட்டுவிட்ட கலிபோர்னியாவின் கதையை எழுதுவது என்று முடிவு செய்தார்.

1976 கோடையில் வேலை ஆரம்பம். மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிடும், ஆகவே கோடையில் மட்டும்தான் இறங்க முடியும். முதல் அணியில் 80 சிறுவர் சிறுமியர். இளங்குற்றவாளிகள் இலாகா அனுப்பிவைத்த பிள்ளைகள். அவர்களோடு 10 ஓவியர்கள், 5 சரித்திர ஆராய்ச்சியாளர்கள். பிள்ளைகளுக்குக் கூலி உண்டு. சும்மா தொண்டு செய் என்று ஏழைப் பிள்ளையிடம் சொன்னால் எத்தனை நாள் வருவான்?

முதலில் காகிதத்தில் சிறிய படம். அதில் கட்டம் போடுவார்கள். அதே கணக்கில் சுவரிலும் பெரிய கட்டம். கட்டத்துக்குக் கட்டம் கோடுகளைப் பெரிதாக்கி எழுத வேண்டும். நம் ஊர் சினிமா பானர் ஓவியர்கள் கையாண்ட அதே முறை! கூட்டல் கழித்தலுக்கு ஓடியவன்கூட இங்கே அளவு தப்பினால் மனிதனுக்கு மூக்கு கோணிவிடும் என்று கணக்குக் கற்றுக்கொண்டாக வேண்டும். தலையில் பாதுகாப்புத் தொப்பி, காலடியில் கொதிக்கும் சிமெண்டு.

அந்தக் கோடையில் ஆயிரம் அடி முடிந்தது. ஆளுக்கு ஒரு பகுதியாக ஓவியர்கள் எழுதியதால், தனித்தனிப் படங்களாக நின்றன. ஜூடித்துக்குத் திருப்தி இல்லை. 1977-இல் மெக்சிகோவுக்குப் போய், மேதை சிக்கெய்ரோஸ் நிறுவிய பட்டறையில் சுவர்ச்சித்திர நுட்பங்களைக் கற்றுத் திரும்பினார். அடுத்த பகுதிகளில் ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் ஆறு போலப் பாய்கிறது. 1976, 1978, 1980, 1981, 1983 என ஐந்து கோடைகள், 400-க்கும் அதிகமான பிள்ளைகள்!

சுவர் சொல்லும் கதை

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் சுவர் தொடங்குகிறது. ஆதிக்குடிகள் வருகிறார்கள். ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளிகள் வருகிறார்கள். 1930-களில் மெக்சிகோ வம்சத்தவர் லட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்டதும், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய வம்சத்தவர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் உண்டு.

ஒரு காட்சியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சாவேஸ் ரவீன் என்ற இடத்தில் மெக்சிகோக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லி 1950-களில் நிலத்தைக் காலி செய்தார்கள். வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. 1959-இல் கடைசிக் குடும்பங்களைப் போலீசார் தூக்கி வெளியேற்றினார்கள். 1962-இல் அங்கே பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டது. சுவரில் அந்த மைதானம் வானத்திலிருந்து பறக்கும் தட்டைப் போல வந்து இறங்குகிறது! விரைவுச் சாலைகள் பாம்பாகச் சுற்றி ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன. நூறு பக்கம் எழுதினாலும் இது மனத்தில் இப்படித் தைக்காது.

வெள்ளைப் பூச்சு

சுவர்ச்சித்திரத்துக்கு ஆயுள் நிச்சயம் இல்லை. சிக்கெய்ரோஸ் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுதிய 'வெப்பமண்டல அமெரிக்கா' சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. அதைப் பாதுகாத்துப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது 2012-இல்!

ஜூடித்துக்கும் அது நேர்ந்தது. 1984 ஒலிம்பிக் பந்தயத்தில் முதல் தடவையாகப் பெண்களுக்கு மராத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. அதைக் குறித்து விரைவுச் சாலைச் சுவர் ஒன்றில் வெற்றி ஓட்டக்காரி ஒருத்தியை அவர் எழுதினார். 2019-இல் அதன்மேல் வண்ணம் பூசி மூடிவிட்டார்கள். கிறுக்கலை அழிக்கிறவர்களுக்கு எது கிறுக்கல், எது சித்திரம் என்று யார் சொல்லிக்கொடுப்பது?

பெருஞ்சுவர் தப்பியதற்குக் காரணம், அதற்குக் காவல் இருந்ததுதான். 1976-இல் இரு தோழியருடன் ஜூடித் தொடங்கிய ஸ்பார்க் என்ற கலை நிலையம் அதைக் கவனித்துவருகிறது. அந்த நிலையம் குடியேறிய கட்டிடம் எது தெரியுமா? வெனிஸ் பகுதியின் பழைய போலீஸ் ஸ்டேஷன்! வெயிலில் மங்கிய சித்திரம் 2011-இல் புதுப்பிக்கப்பட்டது. 2017-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. 2023-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜூடித்துக்குத் தேசியக் கலைப் பதக்கம் வழங்கினார்.

1983-இல் எழுதிய பகுதி 1950-களோடும் ஒலிம்பிக் வீரர்களோடும் நின்றிருந்தது. மேலே எழுத நாற்பது ஆண்டுகளாகப் பணமில்லை. 2021-இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. 2023 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலைக்கூடத்தில், ஜனங்கள் சுற்றிநின்று பார்க்க, 1960-களின் கதையை எழுதும் வேலை ஆரம்பமாயிற்று. அப்போது அம்மையாருக்கு வயது 77.