முதற் செய்நிரல்

விசயதசமி நாளில் ஏடு தொடக்கப்பெறுங் குழந்தை அரிசியின்மீது அகரம் எழுதுகின்றது. அவ்வோரெழுத்தால் அது கல்விமானாகிவிடுவதில்லை. எனினும், கையும் எழுத்தும் அன்றே முதன்முறை கூடுகின்றன. புதியதொரு கணினிமொழியைக் கற்பார்க்கும் இத்தகைய தொடக்கம் உண்டு. திரையில் ஒரு வாழ்த்துரையைத் தோற்றுவிக்குஞ் சிறு செய்நிரலே அது.

இவ்வழக்கம் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. அங்கு கென் தொம்சன், டெனிஸ் றிச்சியின் துணையுடன் ஆக்கிய 'பி' என்னும் மொழிக்குப் பிறையன் கேணிகன் 1972 ஆம் ஆண்டிற் கைந்நூலொன்று எழுதினார். உலகிற்கு வணக்கங் கூறுஞ் செய்நிரல் அதில் ஓர் எடுத்துக்காட்டாக வந்தது. அம்மொழியில் ஓர் எழுத்து மாறிலியுள் நான்கு குறிகளே அடங்கும். ஆதலின், ஆங்கிலத்தில் 12 குறிகள் கொண்ட அவ்வாழ்த்து மூன்று துண்டுகளாக்கப்பட்டது. பின்னர், கேணிகனும் றிச்சியும் 'சி' மொழிபற்றி 1978 இல் வெளியிட்ட நூலில் அதுவே முதற் பாடமாயிற்று. பிற மொழிகளின் ஆசிரியர்களும் அம்முறையைப் பின்பற்றினர்.

இத்துணை எளிய செயலை முதலில் வைத்தது ஏன்? செய்நிரலைப் பிழையின்றி எழுதுதல், சேமித்தல், தொகுப்பானாற் பொறிமொழிக்கு மாற்றுதல், இயக்குதல், விளைவைக் காணுதல் எனப் படிகள் பல உள. 'சி' மொழியில் ஓர் அரைப்புள்ளி விடுபடினும் தொகுப்பான் மேற்செல்லாது. முதன்முயற்சியிலேயே கடினமான சமன்பாட்டைத் தீர்க்கப் புகுந்தவன் விடை காணாவிடின், பிழை கணிதத்திலா, எழுத்திலா, கருவியிலா என்று துணியமாட்டான். வாழ்த்துரையிலோ பிழைபடத்தக்க கணக்கு யாதுமில்லை. ஆகவே, தடை நேரின் அது வழியிலேயே உள்ளதெனத் தெளியலாம்.

தமிழ் மாணவனுக்கு இது மற்றொரு பாடத்தையும் புகட்டும். 'வணக்கம்' என்பது இலக்கணப்படி ஐந்தெழுத்துச் சொல். பைதன் 3 மொழியில் அதன் நீளத்தை வினவினால், 7 என விடை வரும். யுனிக்கோட் முறையிற் புள்ளி தனிக்குறியாதலால், ககரமெய்யும் மகரமெய்யும் இவ்விரண்டு குறிகளாகின்றன. யு.ரி.எவ்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைற்றுக்கள் வேண்டும்; எனவே, அச்சொல் 21 பைற்றுக்களை நிரப்பும். ஒரு பெயருக்கு 20 பைற்றுக்களே ஒதுக்கிய பட்டியலில் இவ்வைந்தெழுத்துச் சொல்லும் அடங்காது. முதல் மூன்று குறிகளை மட்டும் வெட்டியெடுப்பின், புள்ளியிழந்து 'வணக' என நிற்கும். இதனை அறியாதார் ஆக்கும் பட்டியல்களில் தமிழர் பெயர்கள் சிதைவுறும்.

'பி' மொழியை ஆக்கிய தொம்சனே, றொப் பைக்குடன் 1992 இல் யு.ரி.எவ்-8 முறையையும் வகுத்தார். அன்று ஆங்கில வாழ்த்தைத் துண்டாக்கிய இடர் அம்மொழிக்கு நீங்கிவிட்டது. தமிழெழுத்தைத் துண்டாக்காது காப்பது, அதனைக் கையாளுஞ் செய்நிரலாளனின் கடனாகவே உள்ளது. அக்கடனை அவன் முதன்முதல் உணருமிடம் இச்சிறு வாழ்த்துரையேயாம்.