சொன்ன தேதியில் கட்டடம் முடியுமா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

பல்கலைக்கழகத்தில் புதுக் கட்டடத்துக்குத் தேதி குறிப்பது சுலபம். அந்தத் தேதியில் ரிப்பன் வெட்டுவதுதான் பெரும்பாடு! வளாகங்களில் நடந்த கூத்துகளைக் கேளுங்கள்.

● கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்கு மன்னர் ஆறாம் ஹென்றி அடிக்கல் நாட்டியது 1446-இல். கல் வேலை முடிந்தது 1515-இல்! நடுவில் உள்நாட்டுப் போர், மன்னர் பதவியிழப்பு, பணமுடை. ஆனால் உலகிலேயே மிகப் பெரிய விசிறி வடிவக் கல் விதானத்தை, தலைமைக் கொத்தர் ஜான் வாஸ்டெல் மூன்றே ஆண்டுகளில் முடித்தார். பணம் வந்ததும் கல் பறந்தது!

● எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பழைய கல்லூரிக்கு 1789-இல் அடிக்கல். உச்சியில் குவிமாடம் ஏறியது 1887-இல். 98 வருடம்!

● அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரேடார் ஆய்வுக்காக 1943-இல் அவசரமாக எழுந்த மரக் கட்டடம் 'பில்டிங் 20'. வரைபடம் ஒரே மதியத்தில் தயாரானதாகச் சொல்வார்கள். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக ஏற்பாடு. இடித்ததோ 1998-இல்! கட்டுவது தாமதமாகவில்லை, இடிப்பதுதான் அரை நூற்றாண்டு தாமதம்!

● தேதி ஏன் தப்புகிறது? 1994-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். ஆனதோ 55 நாளுக்கும் மேல்! 'எல்லாமே கெட்டுப்போனால்?' என்று கேட்டபோது சொன்ன 49 நாளையும் அது தாண்டிவிட்டது!

● தேதி தப்புவதற்கு மருந்தாக, அந்த ஆய்வுக்கு முன்பே 1957-இல் மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கியதுதான் 'கிரிட்டிகல் பாத்' முறை. தளத்துக்குக் கம்பி கட்டி, வயரிங் குழாய் பதித்த பிறகே கான்கிரீட் போட முடியும். எலெக்ட்ரீஷியன் ஒரு நாள் வராவிட்டால் கான்கிரீட் லாரி வாசலில் நிற்கும், திறப்பு விழாவும் ஒரு நாள் தள்ளும்! சுற்றுச்சுவர் பெயின்ட் ஒரு வாரம் தள்ளிப்போனாலோ ஒன்றும் கெட்டுவிடாது. எந்த வேலை எந்த ரகம் என்று பிரித்துக் காட்டுவதே இந்த முறை.

● இன்னொரு அதிர்ச்சி! கட்டுமான இடங்களில் 'இந்த வாரம் முடிப்போம்' என்று சொன்ன வேலைகளில் பாதிக்குச் சற்று அதிகமானவையே முடிகின்றன என்று கட்டுமான ஆய்வாளர் கிளென் பல்லார்ட் கண்டறிந்தார். அவர் தந்த வழி: ஆளும் பொருளும் வரைபடமும் தயாராக உள்ள வேலைக்கு மட்டுமே, அதைச் செய்யப்போகும் மேஸ்திரியே வாக்குக் கொடுக்க வேண்டும்.

இனி யாராவது 'ஜூனில் திறப்பு விழா' என்றால் காலண்டரில் குறிக்கும் முன் கேளுங்கள்: 'போன கட்டடம் எத்தனை மாதம் இழுத்தது?'