காட்டுச் சேவல் இறகும் கடல் தாண்டி வரும் மீனும்



போன லீவுல மலையடிவாரத்துல இருக்கிற எங்க பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் காலையில ஓடைக்கரையில நடந்தப்ப ஒரு சின்ன இறகு கிடந்தது. சாம்பலும் கறுப்பும் கலந்த இறகு. அதோட நுனியில மஞ்சள் மெழுகு சொட்டின மாதிரி ஒரு பொட்டு! எடுத்துப் பையில வைக்கப் போனேன். "போடுடா கீழே. காட்டுச் சேவலோட கழுத்து இறகு அது. ஒரு காலத்துல வெள்ளைக்காரங்க இதை வச்சு மீன் பிடிச்சாங்களாம். இப்ப தொடக்கூடாது" என்றார் பெரியப்பா.

கோழி இறகை வச்சு மீன் பிடிக்கிறதா? நம்ம ஊர்க் குளத்துல மண்புழு வச்சாலே பாதி நாள் வெறுங்கையோடதான் வர்றோம்! பெரியப்பா சும்மா விடுறார்னு நினைச்சேன். ஊருக்கு வந்து நூலகத்திலும் கணினி அறையிலும் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது அத்தனையும் உண்மை. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சால்மன்: இரண்டு தண்ணீர் கண்ட மீன்

முதலில் மீனைப் பற்றி. நம்ம கடைகளில் "இந்தியன் சால்மன்" என்று விற்பது காலா மீன். அது சால்மன் குடும்பமே கிடையாது. உண்மையான அட்லாண்டிக் சால்மன் வடக்கே குளிர்நாட்டு மீன். ஸ்காட்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, கனடா நாட்டு ஆறுகளில் பிறக்கிறது.

ஆற்றுக் கூழாங்கற்களுக்கு நடுவே தாய்மீன் குழி பறித்து முட்டையிடும். குஞ்சுகள் ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் 2, 3 வருடம் ஆற்றிலேயே வளரும். பிறகு உடம்பு வெள்ளி நிறமாக மாறிக் கடலுக்குப் போகும். சில மீன்கள் கிரீன்லாந்து கரை வரைக்கும் போய் மேய்கின்றன. ஓரிரு வருடமோ அதற்கு மேலோ கழித்து, தான் பிறந்த அதே ஆற்றுக்குத் திரும்பி வரும். வழி காட்டுவதில் முக்கியப் பங்கு மோப்பத்துக்கு. பிறந்த ஆற்றுத் தண்ணீரின் வாசனையை அது மறப்பதில்லை!

இதில்தான் ஒரு வேடிக்கை. ஆற்றுக்குள் திரும்பி வந்த சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே முட்டையிடும் வரை நாட்களை ஓட்டுகிறது. பசியே இல்லாத மீனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி? அதற்கு எரிச்சல் மூட்ட வேண்டும், அல்லது பழைய ஞாபகத்தைக் கிளப்ப வேண்டும். பளிச்சென்று ஒரு பொருள் மூக்குக்கு முன்னால் போனால் சில சமயம் வெடுக்கென்று கவ்விவிடும். ஏன் கவ்வுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. இறகு வேலைக்கு வருவது இங்கேதான்.

எடையில்லாத தூண்டிலை எறிவது எப்படி?

தூண்டில் முள்ளில் இறகு, முடி, பட்டு நூல், மினுக்குக் கம்பி எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ கட்டுவார்கள். இதற்கு "ஃபிளை" (ஈ) என்று பெயர். இது புதுப் பழக்கம் இல்லை. சுமார் 1,800 வருடங்களுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

நாம் தூண்டில் எறியும்போது ஈயக் குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகு ஈயில் எடையே இல்லையே? அதனால் இங்கே கயிறே கனமாக இருக்கும். மாட்டுவண்டிக்காரர் சாட்டை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுசாக நீளும் வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு முன்னால் வீசினால் வளைந்த கோல் நிமிரும்போது கயிறு பறந்து போகும். ஈ சும்மா அதோடு ஒட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் வித்தை. அவசரப்பட்டால் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும்!

பின்னால் மரம் அடர்ந்த கரையில் என்ன செய்வது? ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் அதற்கும் வழி கண்டார்கள். கயிற்றைப் பின்னால் முழுசாக வீசாமல், நுனியைத் தண்ணீரில் தொட வைத்து, ஒரு வளையம் உண்டாக்கி அங்கிருந்து முன்னால் தள்ளுவது. ஆற்றின் பெயரே அந்த வீச்சுக்கும் வந்துவிட்டது: ஸ்பே வீச்சு.

என்னென்ன கருவிகள் வேணும்?

1. கோல்: பெரிய ஆற்றுச் சால்மனுக்கு 12 முதல் 15 அடி நீளம், இரண்டு கையால் பிடிப்பது. முன்பு மரம், பிறகு பிளந்த மூங்கில், அப்புறம் கண்ணாடியிழை, 1970-களிலிருந்து கார்பன் இழை.

2. கயிறு: முன்பு குதிரை முடி, பிறகு பட்டு, இப்போது பிளாஸ்டிக் பூச்சு. எடைக்கு எண் உண்டு. 8-ஆம் எண் கயிற்றில் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம். எண் கூடினால் எடையும் கூடும். கோலுக்கும் கயிற்றுக்கும் எண் பொருந்தாவிட்டால் வீச்சு சரியாக வராது.

3. நுனி நரம்பு: கயிற்றுக்கும் ஈக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு.

4. சுருள் சக்கரம்: மீன் ஓடும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். விடாமல் இழுத்தால் நரம்பு அறுந்துவிடும்.

5. மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டை: ஐஸ் மாதிரித் தண்ணீரில் நிற்க. இடுப்பில் பெல்ட் கட்டாயம். கட்டாமல் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து ஆபத்து.

டே, ஸ்பே, டீ, ட்வீட் ஆகிய நான்கும் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற சால்மன் ஆறுகள். அங்கே எல்லோரும் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து உரிமை வைத்திருக்கிறார்கள். அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டமே தடை செய்கிறது. மீனுக்கும் ஞாயிறு லீவு!

வேறொரு ஆற்றில் நனைந்த பூட்ஸையும் வலையையும் நன்றாகக் காயவைக்காமல் கொண்டு போகவும் கூடாது. நார்வேயில் அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஒட்டுண்ணிப் புழு 1970-களில் வெளியிலிருந்து வந்து, சுமார் 50 ஆறுகளில் சால்மன் குஞ்சுகளை அழித்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு போகும். பயணம் போகிறவர் கூடவே நோயும் பயணம் போகக்கூடாது இல்லையா?

இறகுக்காக ஒரு திருட்டு

இப்போது நம்ம காட்டுச் சேவலுக்கு வருவோம். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்தில் சால்மன் ஈ கட்டுவது ஒரு பைத்தியமாகவே ஆனது. சொர்க்கப் பறவை, கிளி, நெருப்புக்கோழி என்று உலகம் முழுக்க இருந்து இறகுகள் கப்பலில் போயின. அதில் தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்குத் தனி மவுசு. அந்த மஞ்சள் பொட்டை ஈயின் தலைப்பக்கம் வைத்தால் குட்டி மீனின் கண் மாதிரியே இருக்கும். ஒரு பொட்டுக்காக எத்தனை சேவல்கள் போயினவோ!

அந்தப் பைத்தியம் இன்னும் தீரவில்லை. 2009-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டிரிங் நகர் அருங்காட்சியகத்தில், புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் இரவில் கண்ணாடியை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். பழைய பாணி ஈ கட்டுகிறவர்களிடம் விற்பதற்காக! ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற பெரிய இயற்கை விஞ்ஞானி 150 வருடங்களுக்கு முன்பு சேகரித்த பறவைகளும் அவற்றில் இருந்தன. எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதிய சீட்டு பலவற்றிலிருந்து அறுக்கப்பட்டிருந்தது. சீட்டு போனால் விஞ்ஞானத்துக்கு அது வெறும் தோல்தான்.

இத்தனைக்கும் அந்த இறகு இல்லாமலேயே சால்மன் பிடிக்கலாம். சாயம் போட்ட சாதாரணக் கோழி இறகும் அணில் வால் முடியும் போதும். மீன் எந்த நாட்டு இறகு என்று சீட்டு கேட்பதில்லை! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழியை வேட்டையாடுவது குற்றம்.

பிடி... விடு!

சேவலுக்கு வந்த கதி இப்போது மீனுக்கும் வந்துகொண்டிருக்கிறது. கடல் சூடாவது, அணைகள், கழிவுநீர், கடலில் கூண்டு வைத்து வளர்க்கும் பண்ணைகளிலிருந்து பரவும் பேன் எல்லாம் சேர்ந்து அட்லாண்டிக் சால்மன் 2006 முதல் 2020 வரை 23 சதவீதம் குறைந்துவிட்டதாக 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. ஸ்காட்லாந்தில் 2016 முதல் ஆறுகளுக்குத் தரம் பிரித்து, நிலைமை மோசமான ஆறுகளில் பிடித்த மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். மற்ற ஆறுகளிலும் பெரும்பாலோர் தாமாகவே விட்டுவிடுகிறார்கள்.

விடுவதற்கும் முறை உண்டு. முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக்கூடாது. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்; காய்ந்த கை பட்டால் மீனின் மேல் உள்ள வழுவழுப்புப் போய் நோய் வந்துவிடும். மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், ஓட்டத்தை எதிர்த்துத் தலை இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அதுவாக உதறிக்கொண்டு போகும் வரை காத்திருக்க வேண்டும்.

-----------------------------
உங்களுக்குத் தெரியுமா?

★ பிரிட்டனில் தூண்டிலில் சிக்கிய மிகப் பெரிய சால்மன் 64 பவுண்டு (29 கிலோ). 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடிப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்! (இவர் போட்டது இறகு ஈ அல்ல, மீன் இரை.)

★ இறகு ஈயால் பிடித்ததில் பெரியது 61 பவுண்டு. 1924-இல் டெவரன் ஆற்றில் பிடித்தவரும் ஒரு பெண்தான்: கிளமென்டினா மோரிசன். நூறு வருடம் தாண்டியும் இரண்டு சாதனையும் அப்படியே நிற்கின்றன. பையன்களே, கவனிக்க!
-----------------------------

இதையெல்லாம் படித்த பிறகுதான் பெரியப்பா ஏன் "போடுடா கீழே" என்றார் என்று புரிந்தது. கீழே கிடந்த ஒரு இறகுதானேன்னு நான் எடுப்பேன். அதைப் பார்த்து இன்னொருத்தன் கேட்பான். கேட்க ஆள் இருந்தால் விற்க ஆள் வருவான். விற்க ஆள் வந்தால் கண்ணி வைக்க ஆள் வருவான். ஆரம்பம் என் பைதான்!

அடுத்த லீவுக்குப் போகும்போது இறகு கிடந்தால் குனிந்து பார்ப்பேன். எடுக்க மாட்டேன். விடியற்காலையில் புதருக்குள்ளிருந்து அந்தச் சேவல் கூவுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.



— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்