பாட்டியின் வாய்ப்புண்ணும் லேசர் ஒளியும்

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்குப் பல் செட் உரசிய இடத்தில் ஒரு சிறு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "இனிப்பு நீர் உடம்பு, மெதுவாத்தான் ஆறும்" என்று உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மாமாவோ லேசர் சிகிச்சை விளம்பரம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் படிப்பவள் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பல் மருத்துவ மாணவி அல்ல. ஆனாலும் தேடிப் படித்தேன்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகத்தில் "தே தாரேக், கூராங் மானிஸ்" என்று கேட்பவர்கள் கண்ணையும் காலையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வாயை யாரும் நினைப்பதில்லை.

இரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் கூடியிருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. எச்சில் குறைந்து வாய் வறள்கிறது, பூஞ்சை எளிதில் பரவுகிறது. ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று 1993இல் எழுதினார் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர். தொல்லை திரும்பியும் வரும்: ஈறு அழற்சி சர்க்கரையைக் கூட்டுகிறது. ஈறுகளுக்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளின் ஹெச்பிஏ1சி அளவு மூன்று, நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததாக 2022இல் வெளிவந்த கொக்ரேன் மறுஆய்வு சொல்கிறது. வெறும் பல் சுத்தத்திற்கு இவ்வளவு பலனா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, லேசர்? தசையை வெட்டும் லேசர் வேறு. புண் ஆற்றப் பயன்படுவது சூடுகூடத் தெரியாத குறைந்த சக்தி ஒளி. 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் முதுகில் ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. அங்கிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது. எஸ்பிஎம் உயிரியலில் படித்த மைட்டோகாண்ட்ரியா நினைவிருக்கிறதா? அதிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. அதனால் செல் அதிக ஏடிபி உற்பத்தி செய்து, புண்ணைச் சரிசெய்யும் வேலை வேகம் பெறுகிறது என்பதே பரவலான விளக்கம்.

புற்றுநோய்க் கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியை அனைத்துலக வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. நீரிழிவு ஈறுகளுக்கோ சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆய்வுகள் சிறியவை, ஒளியின் அளவும் நிறமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. ஈறு நோய்க்கு வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வதுடன் லேசரையும் சேர்க்க வேண்டாம் என்றே 2020இல் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் வழிகாட்டி கூறியது.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அது புற்றாகவும் இருக்கலாம். பாட்டி தோட்டத்தில் இருந்த காலம்தொட்டு வெற்றிலை பாக்கு போடுபவர். என்ன புண் என்றே தெரியாமல் அதன்மேல் ஒளி பாய்ச்சுவது எப்படிச் சரியாகும்?

"மாமா, லேசர் இப்ப வேணாம். முதல்ல அரசாங்கப் பல் கிளினிக்" என்று எழுதினேன்.

மருத்துவர் முதலில் வெற்றிலையைப் பற்றித்தான் கேட்டார். பல் செட்டின் கூரான ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். புண் ஆறும்வரை அதைப் போட வேண்டாம் என்றும், இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சிறு தசைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். சர்க்கரைப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டபோது பாட்டி என்னைப் பார்த்தார். நான்கு மாதமாக அதில் ஒன்றுமே எழுதவில்லை.

இப்போது ஒன்பதாவது நாள். புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. முறுக்கு கடிக்க முடியவில்லை என்று பாட்டிக்கு என்மேல் கோபம். மறுபரிசோதனை வியாழக்கிழமை.