ஈரக்கையும் தொடுதிரையும்

சாரற்காலத்தில் இலஞ்சி வயல் வரப்பிலே நின்று கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். விரல் ஓரிடத்தைத் தொட, திரை வேறோரிடத்தைத் திறக்கிறது. இக்காலத் தொடுதிரைகளிற் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தும் விரலின் தன்மையைக் கொண்டே தொடுகையை அறிகின்றன. மழைத்துளியும் மின்சாரத்தைக் கடத்துமாதலால், துளி எது, விரல் எது என்று திரை மயங்குகிறது. குற்றாலச் சாரல் வீசும் ஆனி ஆடியிலேதான் கார் சாகுபடியும் நடக்கிறது; உழவன் கை உலர்வது எப்போது?

தொடுதிரையை நாம் பழிக்க வரவில்லை. எழுத்துப் பழகாதவரும் படத்தைப் பார்த்துத் தொட்டுக் காரியத்தை முடிக்கலாம் என்பது சிறிய நன்மையன்று. இந்நோக்கத்துடனேயே பெங்களூர் விஞ்ஞானிகள் ஏழை ஜனங்களுக்கென்று ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கைக்கணினியை உருவாக்கினார்கள். 2004ல் கடைக்கு வந்த அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. 2018ல் தமிழ்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட ‘உழவன்’ செயலியோ சந்தை விலையையும் வானிலையையும் தமிழிலேயே காட்டுகிறது.

ஆனால் பார்க்கும் வேலை வேறு. எழுதும் வேலை வேறு. விலையறியச் சில தொடுகைகள் போதும். விண்ணப்பம் செய்வதென்றால் பெயர், சர்வே எண், 12 இலக்க ஆதார் எண் எல்லாம் பிழையின்றிப் பதிய வேண்டும். கண்ணாடியில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. விரலோ தான் தொடும் எழுத்தையே மறைத்துக்கொள்கிறது. 1999ல் அரசாங்கம் ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையிற் பழகியவர் கீழே பாராமலே அடிப்பார். அதே பலகை கண்ணாடியில் வந்தால் கண்ணை எடுக்க முடியாது.

இது கிராமவாசியின் அறியாமையென்று நகைப்போர் கப்பற்படையின் கதையைக் கேட்கட்டும். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் மாண்டனர். பயிற்சிக் குறைவோடு, தொடுதிரையில் அமைந்த கட்டுப்பாடுகளின் குழப்பமும் விசாரணையில் வெளிப்பட்டது. 2019ல் அக்கடற்படை, வேகத்தை ஆளக் கையாற் பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே திரும்பத் தீர்மானித்தது. பயின்ற மாலுமிக்கே இக்கதியென்றால் நம் முதியவர்களைக் குறை கூறுவது நியாயமாகுமா?

ஆகவே ஊர்ப்பணி செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய செயலி வந்தால் அதன் பெருமையை மேடையில் கேட்டு மகிழ வேண்டாம். சேற்றுக்கையோடு நிற்கும் ஒரு முதியவரிடம் கொடுத்துப் பாருங்கள். எத்தனை முறை தவறினார், தவறியதைத் திருத்த வழி இருந்ததா, பிறர் உதவியின்றி முடித்தாரா என்று குறித்து, அக்குறிப்பை அதிகாரிகள் முன் வையுங்கள். பெரிய பொத்தான்களும், பேசிப் பதியும் வசதியும், இவையும் உதவாதபோது காகித விண்ணப்பமும் வேண்டுமென்று வற்புறுத்துங்கள். திரை மயங்கியதால் ஓர் உழவனுக்கு உரிய மானியம் தவறுமானால், தோற்றது உழவனல்ல, யந்திரமே.