கத்தரிச் செடியில் ஒரு தையற்காரி

பறவை பார்ப்பது என்றதும் தலையில் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி, யால காட்டுக்குள் ஒரு ஜீப் வண்டி என்றுதான் நம் மனதில் சித்திரம் எழுகிறது. அது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, வெள்ளைக்காரர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்களைவிட இதற்கு வாய்ப்புள்ளவர்கள் யார்? காலையில் முற்றம் கூட்டுபவர்கள் அவர்கள். கிணற்றடியில் நிற்பவர்கள் அவர்கள். குசினி ஜன்னலுக்கு வெளியே எந்தக் கொப்பில் எது வந்து குந்துகிறது என்பது வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?

தையற்சிட்டை எடுத்துக்கொள்வோம். பச்சை முதுகும் செம்பழுப்பு நெற்றியும் கொண்ட சின்னஞ்சிறு குருவி; வாலைத் தூக்கியபடியே திரியும். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய குரல். வளவில் தாழ்வாக நிற்கும் கத்தரி, கொய்யா போன்ற அகன்ற இலையுள்ள செடியாகப் பார்த்து, இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ துளை வழியே இழுத்து, இலையைப் பைபோல மடித்துத் தைத்துவிடுகிறது. தைப்பது பெண் குருவிதான். துளைகள் மிக நுண்ணியவை. அதனால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே நின்று கூட்டை மறைத்துக்கொள்கிறது. உள்ளே மெத்தென்ற படுக்கையில் மூன்று அல்லது நான்கு முட்டைகள். ஊசி பிடித்துப் பழகிய கைக்குத்தான் அந்த வேலையின் நேர்த்தி முழுதாகப் புரியும் என்பது என் எண்ணம்.

இக்குருவிக்கும் நம் நாட்டின் சரித்திரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1752 முதல் 1757 வரை இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் பறவைகளில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். கமரா இல்லாத அந்தக் காலத்தில், இலங்கையில் பிறந்த டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். லோட்டன் கொண்டுசென்ற சேகரிப்பைப் பயன்படுத்தியே ஆங்கிலேயரான பென்னன்ட் 1769இல் வெளியிட்ட நூலில் தையற்சிட்டை விவரித்தார். ஆளுநரின் பெயரை ஒரு தேன்சிட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. ஓவியரின் பெயரை அறிந்தோர் சிலரே.

பார்ப்பது என்பது கண் திறந்திருப்பது மட்டுமல்ல. என்னிடம் ஓதும் பிள்ளைகளிடம் பெண் குயில் என்ன நிறம் என்று கேட்டால் தயங்காமல் கறுப்பு என்பார்கள். கறுப்பு ஆணின் நிறம். அதிகாலையில் கூவிக் கூவி நம்மை எழுப்புவதும் ஆண்தான். பெண் குயில் பழுப்பு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். இரண்டையும் வெவ்வேறு பறவைகள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காகத்தின் கூட்டில் களவாக முட்டையிட்டுவிட்டுப் போவதும் இந்தப் புள்ளிக்காரிதான்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற சாலிம் அலியைப் பற்றி நம் வீடுகளில் பேசவேண்டும். 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமாவின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டுவிட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அலுமாரி அலுமாரியாகப் பறவைகளைக் கண்ட சிறுவனின் வாழ்வு திசை மாறிற்று. 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் எத்தனையோ பேரின் கையில் தொலைநோக்கியைக் கொடுத்தது.

அவருடைய மனைவி தெஹ்மினாவைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. 1930இல் ஜேர்மனியிலிருந்து திரும்பிய கணவருக்கு வேலை இல்லை. இருவரும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார்கள். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. சாலிம் அலி நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மீதி வேலை நடக்கும். அது முடிந்ததும் ஆண் வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்! வருமானமில்லாத அந்த நாட்களின் ஆராய்ச்சிதான் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1939இல் காலமாகும்வரை தெஹ்மினா அவருடைய ஆய்வுப் பயணங்களில் காடுமேடெல்லாம் உடன் சென்றார்.

அக்காலத்தில் பறவையை அறிவதற்கும் துப்பாக்கியே வழி. சாலிம் அலியும் ஆய்வுக்காகச் சுட்டவர்தான். நம் நாட்டில் 1894இல் உருவாகி இன்று வனவிலங்குகளைக் காக்கப் பாடுபடும் சங்கம்கூட வேட்டைக்காரர்கள் தொடங்கியதே. மெல்ல மெல்லத் துப்பாக்கியின் இடத்தைக் கமரா பிடித்தது. சிங்கப்பூரின் பெரும் சினிமா வர்த்தகர் லோக் வான் தோ, யுத்த காலத்தில் பம்பாய்க்கு வந்து சாலிம் அலியின் நண்பரானவர். 1964இல் விமான விபத்தில் இறப்பதற்கு முன் அவர் எடுத்த பறவைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. கூட்டுக்கு அருகே மறைப்புக் கட்டிப் பொறுமையோடு காத்திருந்து எடுத்த படங்கள் அவை.

இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லோரும் படப்பிடிப்பாளர்கள். பொறுமைதான் இல்லை. யாலயில் ஒரு சிறுத்தை தென்பட்டால் ஜீப்புகள் வரிசை வரிசையாக மொய்த்துக்கொள்கின்றன. மன்னார், வங்காலைப் பக்கம் வரும் பூநாரைக் கூட்டத்தை நெருங்கி விரட்டி, அவை ஒன்றாகக் கிளம்பிப் பறப்பதைப் படமெடுக்க ஆசைப்படுவோரும் உண்டு. நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த பறவை, இரை தேடவேண்டிய நேரத்தில் உயிருக்குப் பயந்து பறக்கிறது.

வீட்டு வளவில் நடப்பதும் இதுதான். தையற்சிட்டின் கூடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று மறைத்து நிற்கும் இலைகளை விலக்கினால், வெயில் நேரே குஞ்சுகள் மேல் விழும். காகமும் கண்டுவிடும். அடிக்கடி கிட்டப்போனால் தாய் கூட்டையே கைவிட்டுப் போகலாம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைப் பறித்து அதை வருத்தியது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூத் கிரந்தத்தில் இருக்கிறது. குஞ்சைக் கையால் எடுத்தாலும், படத்துக்காகக் கூட்டைத் திறந்து வைத்தாலும் அந்தத் தாய்க்கு ஒன்றுதான்.

ஆகவே படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, நேரம், பறவை என்ன செய்தது என்று எழுதட்டும். ஒரு மாதம் பார்த்தபின் கமராவைக் கொடுத்தால், எங்கே நிற்கவேண்டும், எப்போது விலகவேண்டும் என்பது அதற்கே தெரிந்திருக்கும். கூட்டை எட்ட நின்று பார்க்கட்டும். இரவுப் பறவையின் கண்ணில் பிளாஷ் வெளிச்சம் அடிக்கவேண்டாம்.

ஒக்டோபர் மாதத்தில் இன்னொரு விருந்தாளியை எதிர்பார்க்கலாம். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு என்று பல வர்ணம் கொண்ட ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். வட இந்தியாவிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து வருவதால் களைத்துப்போய், சுவரிலோ ஜன்னலிலோ மோதி விறாந்தையில் விழுந்து கிடப்பதுண்டு. பிள்ளைகள் கூடிக்கொள்வார்கள், படமெடுக்க ஆளாளுக்கு ஓடுவார்கள். ஒரு காட்போட் பெட்டியில் துணி விரித்து, காற்றுப்போக இரண்டு துளையிட்டு, அதனுள் வைத்து மூடி, பூனை எட்டாத இருட்டான மூலையில் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவேண்டாம். தெளிந்து உள்ளே நடமாடும் சத்தம் கேட்டால், பொழுது சாயும் வேளையில் மரநிழலுக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தால் போதும்.