செயின்ட் லூசியா பெண் கேட்ட திடல்

பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 100 மீட்டர் இறுதி ஓட்டம் 2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு நடந்தது. நம் கடிகாரத்தில் அது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றேகால் மணிக்கு மேல். பால்வெட்டுக்குப் போகிறவர்கள்கூடப் புரண்டு படுக்கிற நேரம். அங்கே மழை பெய்து ஓடுபாதை ஈரமாகக் கிடந்தது. துப்பாக்கி வெடித்ததும் முந்திக்கொண்ட ஒரு பெண் கடைசிவரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. 10.72 விநாடி! உலகச் சாம்பியன் என்ற பட்டத்தோடு வந்திருந்த அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்சன் 10.87 விநாடியில் இரண்டாவதாக வந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளி. ஜெயித்த பெண் நெஞ்சில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பிய்த்தெடுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

அந்தச் சீட்டில் இருந்த பெயர் ஆல்பிரட். முழுப்பெயர் ஜூலியன் ஆல்பிரட். நாடு, செயின்ட் லூசியா.

அது எங்கே இருக்கிறது என்று கேட்காதவர்கள் குறைவு. கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவு அது. பரப்பளவில் சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறியது. ஜனத்தொகை ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரம். நம் கிள்ளான் பட்டணத்து ஜனத்தோடு ஒப்பிட்டால்கூட ஒரு மூலைக்குக் காணாது. 1979 பிப்ரவரி 22ஆம் தேதி சுதந்திரம் பெற்ற நாடு. 1996 முதல் ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்பி வந்தது. உயரம் தாண்டும் லெவெர்ன் ஸ்பென்சர் என்ற பெண் 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கித் தீவின் பெயரைக் காப்பாற்றினார். ஆனால் ஒலிம்பிக்கில் வெண்கலம்கூட ஒருநாளும் கிடைத்ததில்லை. முதல் பதக்கமே தங்கமாக வந்தது, அதுவும் 100 மீட்டரில். மூன்று நாளில் 200 மீட்டரில் வெள்ளியும் சேர்ந்துகொண்டது. ஒரு வேடிக்கை பாருங்கள்: அதே இரவு, அதே திடலில், பக்கத்துத் தீவான டொமினிக்காவின் தியா லாஃபாண்ட் மும்முறை தாண்டுதலில் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டொமினிக்காவுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அங்கே ஜனத்தொகை ஒரு லட்சம்கூட இல்லை.

பதக்கக் கணக்கோடு நிறுத்த நமக்கு மனமில்லை. செயின்ட் லூசியா நம் மாதிரி ஜனங்களின் நாடு. முதலில் கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அதில் உழைத்தார்கள். 1834இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கூலிக்கு ஆள் தேவைப்பட, 1859இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரை கணக்குப் பார்த்த விதம் மலாயாவில் ஒன்று, அங்கே வேறொன்று என்றில்லை. பிறகு கரும்பு போய் வாழை வந்தது. மலைச்சரிவில் சின்னச் சின்ன நிலம் வைத்திருந்தவர்கள் வாழைத்தார் வெட்டி, கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பிப் பிழைத்தார்கள். 'பச்சைத் தங்கம்' என்றே அதற்குப் பெயர். 1993இல் விலை கட்டவில்லை என்று வாழை விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 1997இல் உலக வர்த்தக நிறுவனம், ஐரோப்பா இந்தத் தீவுகளுக்குக் கொடுத்து வந்த சலுகை செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெரிய தேசத்துக் கம்பெனிகளின் வாழைப்பழத்தோடு இவர்களால் போட்டிபோட முடியவில்லை. ரப்பர் விலை விழுந்து கைக்காசு சுருங்கிய நாட்களைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்புக்கு நாலு வருடம் கழித்து, 2001இல் பிறந்தவர் ஜூலியன். தலைநகர் காஸ்ட்ரீஸ் பக்கம் சிசெரோன் என்ற இடம். பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளோடு ஓடி அவர்களையே தோற்கடித்த பிள்ளை. காலில் சப்பாத்து இல்லை. ஓட்ட உடுப்பு இல்லை. பள்ளிச் சீருடையோடு கண்ட இடத்திலெல்லாம் ஓடினாராம். பன்னிரண்டு வயதில் தகப்பனார் இறந்துபோனார். ஓட்டமே வேண்டாமென்று விட்டுவிட்டார். அப்போது கத்பர்ட் மொடெஸ்ட் என்ற பயிற்சியாளர், பேசி மறுபடியும் திடலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த மனுஷன் பெயரை உலகம் அதிகம் சொல்வதில்லை. நாம் சொல்லி வைப்போம். தகப்பன் செத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், திடலுக்கு வராவிட்டால், 'போனால் போகிறது' என்று விடாமல் தேடிப் போகிற ஓர் ஆள் வேண்டும். நம் தோட்டப்பள்ளிகளிலும் அப்படிப்பட்ட வாத்தியார்கள் இருந்தார்கள். அவர்கள் கைப்பிடித்துக் கரையேற்றிய பிள்ளைகள் இன்றும் பேர் சொல்கிறார்கள்.

பதினாலு வயதில் அந்தப் பிள்ளை தன் ஊரைவிட்டுத் தனியாக ஜமைக்காவுக்குப் போனது. நம் வீட்டில் பதினாலு வயதுப் பெண்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பச் சம்மதிப்போமா? அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. ஜமைக்காவில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் ஓட்டப்பந்தயம் 1910இல் தொடங்கியது. வருடா வருடம் கிங்ஸ்டன் அரங்கம் நிரம்பி வழியும். அதுவும் கரும்புத் தோட்டம் கண்ட ஏழை நாடுதான். ஆனால் கிராமத்துப் பள்ளியில் வேகமாக ஓடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்து மேலே ஏற்றிவிட அங்கே ஓர் ஏணி இருக்கிறது. அந்த ஏணியில் ஏறிய ஜூலியன் 2017இல் காமன்வெல்த் இளையோர் போட்டியில் தங்கம் வாங்கினார். பிறகு அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகம். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெள்ளி. 2024 மார்ச்சில் கிளாஸ்கோவில் 60 மீட்டர் உள்ளரங்க உலகப் பட்டம். அதற்குப் பிறகுதான் பாரிஸ்.

இதில் ஒன்றைப் பூசி மெழுகக் கூடாது. 'சின்ன நாடு சாதித்துக் காட்டிவிட்டது' என்று எல்லாரும் எழுதினார்கள். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளையைப் பெற்றது செயின்ட் லூசியா. ஓட்டத்தைப் பழக்கி முடித்தது ஜமைக்காவும் அமெரிக்காவும். சொந்த ஊரிலேயே இருந்திருந்தால் இந்தப் பதக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஜூலியனே அன்று இரவு இதைத்தான் சொன்னார். தங்கம் வாங்கிய கையோடு நிருபர்கள் கேட்டபோது, கடவுளுக்கும் பயிற்சியாளருக்கும் தகப்பனாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, தன் ஊரில் சரியான வசதி கிடையாது, விளையாட்டரங்கம் சீராகவில்லை, இந்தத் தங்கத்தால் புது அரங்கம் ஒன்று கட்டப்பட்டால் நல்லது என்றார். உலகமே காது கொடுக்கிற அந்த நேரத்தில் அவர் கேட்டது வீடில்லை, காரில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திடல்.

அந்த விளையாட்டரங்கத்தின் கதை விசித்திரமானது. தீவின் தெற்கே வியூ ஃபோர்ட் என்ற ஊரில் சீன நாட்டு உதவியோடு கட்டிய ஜார்ஜ் ஓட்லம் அரங்கம் அது. 2009 செப்டம்பரில் பக்கத்திலிருந்த செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி தீப்பிடித்து எரிந்தது. நோயாளிகளை எங்கே வைப்பது? அரங்கத்துக்குள் கட்டில் போட்டார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அரசாங்கம் மாறியது, திட்டம் மாறியது, ஆஸ்பத்திரி கட்டி முடியவில்லை. பதினைந்து வருடம் கழித்து ஜூலியன் பாரிஸில் ஓடும்போதும் அந்த அரங்கம் ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. நோயாளியை வெளியே தள்ளிவிட்டு ஓடுபாதை கொடு என்று எவரும் கேட்க முடியாது. ஆனால் 'தற்காலிகம்' என்ற வார்த்தை எவ்வளவு நீளும் என்று நமக்கா தெரியாது? தற்காலிக வீடு என்று சொல்லி ஏற்றிவிட்ட பலகை வீடுகளில் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இனி நம் கதைக்கு வருவோம். மூன்று கோடிக்கு மேல் ஜனம் உள்ள நம் மலேசியா, பாரிஸ் 2024 வரை ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. ஓடுகிற கால் இல்லாமலா? 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர் நம் எம். ராஜாமணி. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். கால் இருக்கிறது. திடல்தான் குறைந்துகொண்டே போகிறது.

நாம் சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றும்போது முதலில் பார்ப்பது கோயிலும் திடலும்தான். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல், ஒரு பந்து குழு, தீபாவளிக்கு ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல். மண்டோரும் கிராணியும் பரிசு கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. பாதி நிலம் வீடமைப்புக்குப் போனது. மீதியில் செம்பனை வந்தது. பெயர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் நாம் போய்ப் பார்த்தபோது இரண்டு கோல் கம்பங்களும் அப்படியே நின்றன, நடுவில் வரிசையாகச் செம்பனைக் கன்று. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு லோரி ஓடுகிற மண்சாலையில் விளையாடினார்கள். கேட்டால், "இப்ப யாருங்க விளையாடறா, எல்லாம் போன்ல தானே உக்காந்திருக்கு" என்று மேனேஜ்மெண்ட் தரப்பில் பதில். விளையாட இடம் இல்லாத பிள்ளை வேறென்ன செய்யும்?

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் என்று ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறிவார்கள். வீடு, பிள்ளை மடுவம், வைத்தியம் ஆகியவற்றோடு சமூக வசதிகளையும் முதலாளி செய்து தரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கூரை ஒழுகினால் சங்கத்துக்கு எழுதுகிறோம். தண்ணீர் வராவிட்டால் எழுதுகிறோம். திடல் போனதற்கு ஒரு கடிதமாவது வந்ததாக நம் கோப்பில் காணோம். தோட்டம் விற்கப்படுகிறது என்று பேச்சு வரும்போது நஷ்டஈட்டையும் வீட்டையும் பேசுகிற அதே மேசையில் பள்ளிக்கூடத்தையும் திடலையும் சேர்த்துப் பேச வேண்டும். விற்று முடிந்தபிறகு பேச ஆளிருக்காது.

செயின்ட் லூசியாவில் 2024 செப்டம்பர் 27ஆம் தேதியை ஜூலியன் ஆல்பிரட் நாள் என்று அறிவித்து, ஊரே திரண்டு அவரை வரவேற்றது. அவர் அங்கே நிற்கவில்லை. 2025இல் தோக்கியோ உலகப் போட்டியில் 100 மீட்டரில் வெண்கலம் வாங்கினார்.

கிளைத் தலைவர்கள், செயலாளர்கள், மாதர் பகுதியினர் தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்கு முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் திடல் இருக்கிறதா, எத்தனை அடி, யார் கையில் இருக்கிறது, போயிருந்தால் எந்த வருடம் போனது, அதில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி, தோட்டத்தின் பெயரோடு இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். வேகமாக ஓடுகிற பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பெயரையும், படிக்கிற பள்ளியையும், பள்ளி ஆசிரியர் கையெழுத்தோடு சேர்த்து எழுதுங்கள்.